கையில் இருக்கும் கொஞ்சப் பணம்: காப்பீட்டுக்கா, உரத்துக்கா, தண்ணீருக்கா?

விதைப்புக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு சிறு விவசாயியின் கையில் இருக்கும் பணம் எப்போதும் தேவைக்குக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். அதை வைத்து நல்ல விதை வாங்கலாம், அடியுரம் வாங்கலாம், பயிர்க் காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டலாம், மோட்டார், குழாய் என்று தண்ணீர்ப் பக்கம் போடலாம், இரண்டு ஆடு வாங்கிக் கட்டலாம், எதுவும் செய்யாமல் முடிந்தும் வைக்கலாம். எல்லாவற்றுக்கும் பணம் எட்டாது. யாரைக் கேட்டாலும் ஒன்று "காப்பீடு பண்ணிடுங்க, பாதுகாப்பு" என்பார்கள், இல்லையென்றால் "காப்பீட்டுக் காசா, வந்த மாதிரிதான்" என்று சிரிப்பார்கள். இரண்டு தரப்பும் கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்வதில்லை.

போட்டுப் பார்ப்போம். பணத்தை விட்டுவிடுங்கள், எல்லாமே மூட்டைக் கணக்கு. எண்கள் உதாரணத்துக்காக நான் வைத்துக்கொண்டவை, அவரவர் வயலுக்கு அவரவர் எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். நான்கு வருஷத்தில் ஒரு வருஷம் மழை பொய்க்கும் நிலம். உரத்தைப் பாதியாகக் குறைத்து, போன அறுவடையில் எடுத்து வைத்த விதையையே போட்டுச் சிக்கனமாகச் செய்தால் செலவு 25 மூட்டை. நல்ல வருஷம் 60 விளையும், கெட்ட வருஷம் 15. அதாவது 35 மிச்சம், இல்லையென்றால் 10 நஷ்டம். வாங்கிய விதை, முழு உரம், நேரத்துக்குக் களையெடுப்பு என்று முழுசாகச் செய்தால் செலவு 45. நல்ல வருஷம் 100, கெட்ட வருஷம் 20. 55 மிச்சம், இல்லையென்றால் 25 நஷ்டம். நான்கு வருஷத்தையும் கூட்டினால் சிக்கனக்காரருக்கு 95 மூட்டை, முழுசாகப் போட்டவருக்கு 140.

140 பெரியது என்பது சிக்கனக்காரருக்கும் தெரியும். அவர் ஏன் பாதியோடு நிறுத்துகிறார் என்றால், அந்தக் கெட்ட வருஷம் முதல் வருஷமாகவே வந்துவிட்டால் 25 மூட்டை நஷ்டத்தோடு அடுத்த மூன்று வருஷத்தை அவரால் எட்டிப் பார்க்கவே முடியாது. வட்டிக்கு வாங்குவார், அந்த வட்டி அடுத்த வருஷத்து உரத்தைத் தின்னும். 10 மூட்டை நஷ்டம் என்றால் எப்படியோ சமாளித்துவிடுவார். இதைப் பயம் என்றோ அறியாமை என்றோ சொல்வது எனக்குப் பிடிக்காது. தாங்கக்கூடிய நஷ்டம் எவ்வளவு என்று அளந்துதான் அவர் விதைக்கிறார்.

இப்போது காப்பீட்டை உள்ளே கொண்டு வருவோம். வருஷத்துக்கு 5 மூட்டை பிரீமியம், கெட்ட வருஷத்தில் 20 மூட்டை இழப்பீடு. நான்கு வருஷத்தில் 20 கட்டி 20 வாங்குகிறார், நிறுவனத்துக்கு லாபமே இல்லாத நியாயமான கணக்கு. முழுசாகப் போட்டு, காப்பீடும் கட்டினால் நல்ல வருஷம் 50 மிச்சம், கெட்ட வருஷம் 10 நஷ்டம். கெட்ட வருஷத்து நஷ்டம் இப்போது சிக்கனக்காரரின் நஷ்டத்துக்குச் சமம், நல்ல வருஷத்து மிச்சமோ 35-க்குப் பதிலாக 50. நான்கு வருஷக் கூட்டுத்தொகை அதே 140. ஆனால் காப்பீட்டைக் கட்டிவிட்டுப் பழையபடி பாதிச் செலவிலேயே விதைத்தால்? நல்ல வருஷம் 30, கெட்ட வருஷம் 5, கூட்டினால் அதே 95. கொஞ்சம் நிம்மதி கிடைக்கும், வருமானம் ஒரு மூட்டைகூட அதிகமாகாது. நிஜத்தில் எந்த நிறுவனமும் லாபமில்லாமல் விற்காது. பிரீமியம் 7 என்று வைத்தால் முழுசாகப் போட்டவருக்கு 132, பாதியோடு நிற்பவருக்கு 87. இவர் காப்பீடே எடுக்காமல் இருந்திருந்தால் 95.

நான் சொல்ல வருவது இதுதான். காப்பீட்டின் பலன் இழப்பீடு வரும் நாளில் பாதி, விதைக்கும் நாளில் பாதி. கட்டியதால் உங்கள் விதைப்பில் ஒன்றுமே மாறப்போவதில்லை என்றால், அந்தப் பணத்துக்கு வேறு நல்ல வழி இருக்கிறதா என்று பார்ப்பது தப்பே இல்லை. (அரசு மானியத்தில் மிக மலிவாகக் கிடைக்கும் காப்பீடு வேறு விஷயம், அதற்கு வருகிறேன்.)

இது வெறும் தாள் கணக்கு இல்லை. மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவின் வடக்கில் டீன் கார்லன், கிறிஸ்டோபர் உட்ரி உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் விவசாயிகளில் சிலருக்கு ரொக்கமாகப் பணமும், சிலருக்கு மழைக் காப்பீடும், சிலருக்கு இரண்டையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2014-ல் வெளியான முடிவு: வயலில் செலவைக் கூட்ட முக்கியமாக உதவியது காப்பீடுதான். மழை பொய்த்தால் கை கொடுக்கும் என்று தெரிந்தவர்கள் எங்கிருந்தோ பணத்தைப் புரட்டிக்கொண்டு வந்து நிலத்தில் போட்டார்கள். "விவசாயிக்குப் பணம் இல்லை, கடன் கொடுங்கள், எல்லாம் சரியாகும்" என்று காலம் காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு இது கொஞ்சம் சங்கடமான செய்தி.

ஆந்திரத்தில் நடந்த இன்னொரு ஆய்வில் மழைக் காப்பீடு கிடைத்தவர்கள் மொத்தச் செலவைப் பெரிதாகக் கூட்டவில்லை, ஆனால் பயிரை மாற்றினார்கள். ஆமணக்கு, நிலக்கடலை மாதிரி மழையை நம்பும், விற்றால் காசாகும் பயிர்களுக்குக் கூடுதல் இடம் கொடுத்தார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. சாதாரணப் பயிர்க் காப்பீடு விளைச்சலுக்குத்தான், விலைக்கு இல்லை. அமோகமாக விளைந்து சந்தையில் விலை பாதாளத்துக்குப் போனால் உங்கள் பாலிசி வாயைத் திறக்காது. விலையையும் சேர்த்து வருமானத்துக்கே காப்பீடு தருவது அமெரிக்கா மாதிரி சில இடங்களில் உண்டு, சிறு விவசாயிகள் இருக்கும் பெரும்பாலான நாடுகளில் அது எட்டாக்கனி. ஆகவே காப்பீட்டை நம்பி பணப்பயிருக்குத் தாவுகிறவர் மழை அபாயத்தைக் கொடுத்துவிட்டு விலை அபாயத்தை வாங்கிக்கொள்கிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, காப்பீடு என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், உள்ளே மூன்று வகை. உங்கள் வயலுக்கே ஆள் வந்து சேதத்தைப் பார்த்துக் கொடுப்பது ஒன்று. சிறு வயல்களுக்கு இது கட்டுப்படியாகாது, பார்க்க வருகிறவரின் செலவே பிரீமியத்தை விழுங்கிவிடும். இரண்டாவது, ஒரு பகுதியின் சராசரி மகசூலை அளந்து, அது குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அந்தப் பகுதியில் எல்லாருக்கும் கொடுப்பது. மூன்றாவது, மழைமானியோ செயற்கைக்கோள் படமோ சொல்லும் எண்ணை வைத்துக் கொடுப்பது, வயலை யாரும் பார்க்கவே வேண்டாம். கென்யாவின் வடக்கில் மர்சபித் பகுதியில் 2010 முதல் கால்நடை மேய்ப்பவர்களுக்கு விற்கப்பட்ட காப்பீடு இந்த வகைதான், மேய்ச்சல் நிலம் எவ்வளவு பச்சையாக இருக்கிறது என்று செயற்கைக்கோளில் பார்த்து இழப்பீடு தீர்மானிப்பார்கள். 2011 வறட்சியில் பணம் வந்தது. ஓரளவு வசதி உள்ள வீடுகள் கால்நடையை விற்காமல் தாக்குப்பிடித்தன, ஏழை வீடுகள் சாப்பாட்டைக் குறைக்காமல் தப்பித்தன.

இரண்டாவது வகையை வயலில் நின்று பார்த்தால்தான் புரியும். சராசரி மகசூலை அளக்க இந்தியாவில் நெல்லுக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். எந்த சர்வே எண், வயலின் எந்த மூலையிலிருந்து எத்தனை அடி என்பதெல்லாம் முன்கூட்டியே குருட்டாம்போக்கில் எடுத்த எண்களின்படி நடக்கும். நான்கு முளை அடித்துக் கயிறு கட்டி, உள்ளே இருப்பதை மட்டும் அறுத்து, அங்கேயே அடித்துத் தூற்றி எடை போடுவார்கள். ஒரு ஊராட்சிக்கு ஒரு பயிருக்கு இப்படி நான்கு இடம். அந்த நான்கு கயிறும் வாய்க்கால் தலைமாட்டு வயல்களில் விழுந்து, உங்கள் வயல் கடைமடையில் கருகிக் கிடந்தால், சராசரி நன்றாக இருக்கும், உங்களுக்கு ஒன்றும் வராது. யாரும் ஏமாற்றவில்லை, விதிப்படிதான் எல்லாம் நடந்தது. ஆனால் வரப்பில் நிற்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

என் மூட்டைக் கணக்கில் இதற்கும் ஒரு எண் உண்டு. முழுசாகப் போட்டு, 7 மூட்டை பிரீமியமும் கட்டி, பயிரும் போய், இழப்பீடும் வராத வருஷத்தில் நஷ்டம் 32. காப்பீடே எடுக்காமல் முழுசாகப் போட்டவரின் நஷ்டம் 25. அதாவது எந்த மோசமான நாளுக்குப் பயந்து காப்பீடு எடுத்தாரோ அந்த நாளை அது இன்னும் மோசமாக்கியிருக்கிறது. அதனால்தான் ரொம்பவும் ஜாக்கிரதையானவர்கள், ரொம்பவும் ஏழைகள் இந்த வகைக் காப்பீட்டைத் தொடாமல் இருப்பது அசட்டுத்தனம் இல்லை. மூன்றாவது வகையிலும் இதே ஆபத்து உண்டு: மழைமானி பக்கத்தில் இருக்கிறவருக்கு அது குறைவு, இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவருக்கு அதிகம். எல்லாருக்கும் ஒரே பிரீமியம்.

மானிய விஷயத்துக்கு வருகிறேன் என்றேன். இந்தியாவில் 2016-ல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் காரீப் (மழைக்கால) பருவத்துக்கு 2 சதவீதம், ராபி (குளிர்கால) பருவத்துக்கு 1.5, வணிகப் பயிர், தோட்டப் பயிருக்கு 5, அவ்வளவுதான். மிச்சப் பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. 2020 முதல் பயிர்க்கடன் வாங்கியவர்களுக்கும் இது கட்டாயமில்லை. இப்படி உண்மையான விலையில் ஒரு சிறு பங்கை மட்டும் கட்டினால் போதும் என்னும்போது மேலே போட்ட கணக்கு மாறிவிடும், விதைப்பை மாற்றாவிட்டாலும் சராசரியில் லாபமே. அங்கே என் பதில் சுருக்கம்: கட்டுங்கள், ஆனால் அதையே நம்பி முழுக் கடனில் இறங்காதீர்கள். ஆலங்கட்டி மழை, வெள்ளம் மாதிரி உங்கள் வயலை மட்டும் பாதித்த சேதம் என்றால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற விதியையும் மறக்க வேண்டாம். சேதம் நடந்த அதிர்ச்சியில் மூன்று நாள் எப்படிப் போகும் என்று தெரியாது.

இனி மற்ற வழிகள். உரம், விதை என்று நேராக நிலத்தில் போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, நல்ல வருஷத்தில் இதைவிட லாபமான இடம் இல்லை, கெட்ட வருஷத்தில் இதைவிடத் திரும்பாத பணமும் இல்லை. இதில் பெரிய சிக்கல் நேரம். அறுவடை முடிந்ததும் கையில் காசு இருக்கும், உரம் தேவைப்படும் மாதத்தில் இருக்காது. இடையில் கல்யாணம், காய்ச்சல், பள்ளிக் கட்டணம் எல்லாம் வந்து போயிருக்கும். மேற்குக் கென்யாவில் டுஃப்ளோ, கிரேமர், ராபின்சன் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் மூவரும் செய்த சோதனையில் அறுவடை முடிந்த கையோடு, "இப்போதே உரத்துக்குப் பணம் கட்டினால் இலவசமாகக் கொண்டுவந்து தருகிறோம்" என்று மட்டும் சொன்னார்கள். உரம் வாங்கியவர்கள் கணிசமாகக் கூடினார்கள். விலையைக் குறைக்கவில்லை, கேட்ட நாளைத்தான் மாற்றினார்கள்.

காப்பீட்டிலும் இதே கதை, இன்னும் கூர்மையாக. கென்யாவின் கரும்பு விவசாயிகளிடம் கசபூரி, வில்லிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரே காப்பீட்டை மூன்று விதமாகக் கொடுத்தார்கள். முன்பணமாகக் கட்டு என்றபோது 5 சதவீதம் பேர் எடுத்தார்கள். விலையில் 30 சதவீதம் தள்ளுபடி, ஆனால் முன்பணம் என்றபோது 6 சதவீதம். அறுவடைப் பணத்தில் ஆலை பிடித்துக்கொள்ளும், இப்போது எதுவும் கட்ட வேண்டாம் என்றபோது 72 சதவீதம். இந்த மூன்று எண்களையும் பார்த்த பிறகு "விவசாயிகளுக்குக் காப்பீட்டின் அருமை தெரியவில்லை" என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம்தான் வருகிறது. விதைப்பு மாதத்தில் ஒரு மூட்டையின் மதிப்பு வேறு, அறுவடை மாதத்தில் வேறு. உங்களுக்கு இரண்டுவிதக் காப்பீடு கிடைக்கிறதென்றால், பிரீமியம் கொஞ்சம் கூட இருந்தாலும் அறுவடையில் கழித்துக்கொள்வதை எடுப்பதே மேல். விதைப்பு மாதத்துக் காசு அப்போது உரத்துக்கு மிஞ்சும்.

கடன் வாங்கி விதைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆப்பிரிக்காவின் மலாவியில் கலப்பின விதைக்குக் கடன் கொடுத்தபோது 33 சதவீதம் பேர் வாங்கினார்கள். அதே கடனோடு மழைக் காப்பீட்டையும் சேர்த்து, பிரீமியத்தை அதிலேயே ஏற்றிக் கொடுத்தபோது வாங்கியவர்கள் 13 சதவீதப் புள்ளிகள் குறைந்தார்கள். கேட்கத் தலைகீழாக இருக்கிறது இல்லையா? ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு காரணம் எனக்குச் சரியாகவே படுகிறது: பயிர் போனால் கடன் கொடுத்தவர் விவசாயியிடம் பிடுங்குவதற்கு அதிகம் ஒன்றும் இல்லை, ஆகவே அந்தக் கடனுக்குள்ளேயே ஒரு காப்பீடு ஒளிந்திருக்கிறது. தனியாகக் கட்டும் பிரீமியம் காப்பாற்றப்போவது கடன் கொடுத்தவரை. உங்கள் கடன் பஞ்ச வருஷத்தில் தள்ளிவைக்கப்படும் வகையா, அல்லது மறுநாளே வீட்டு வாசலில் வந்து நிற்கும் வகையா என்பதைப் பொறுத்துக் காப்பீட்டின் தேவை ஏறும், இறங்கும். வாசலில் வந்து நிற்கும் கடன் என்றால் நான் காப்பீடு இல்லாமல் முழுச் செலவில் இறங்கமாட்டேன்.

அப்புறம், ஆடு மாடு. நடமாடும் சேமிப்பு என்பார்கள், குட்டி போடும், பால் தரும், எருவும் கிடைக்கும். ஆனால் வறட்சி உங்களுக்கு மட்டும் வருவதில்லை. எல்லாரும் ஒரே சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போகும் வாரத்தில் விலை விழுந்துவிடும், தீவனமில்லாமல் இளைத்த மாட்டுக்கு இன்னும் குறையும். மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில் 1980-களின் வறட்சியை வைத்துக் கணக்கிட்டபோது, கால்நடை விற்றது பயிர் வருமான இழப்பில் அதிகபட்சம் 30 சதவீதத்தைத்தான் ஈடுகட்டியது, பெரும்பாலும் 15-க்குப் பக்கத்தில். உழவு மாட்டை விற்றால் அடுத்த வருஷம் உழ ஆளுக்குக் கூலி வேறு. சின்ன அவசரத்துக்கு, அதாவது உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த கஷ்டத்துக்கு ஆடு நல்ல காப்பீடு. ஊருக்கே வரும் பஞ்சத்துக்கு இல்லை. மழைக் காப்பீடு இதற்கு நேர் எதிர், ஊருக்கே வருவதற்கு மட்டும்தான் அது பேசும். ஆகவே இரண்டும் போட்டியாளர்கள் என்று நினைக்க வேண்டியதில்லை, பணம் இருந்தால்.

தண்ணீர்: பண்ணைக் குட்டை, சொட்டுநீர், ஆழ்துளைக் கிணறு. மழை தப்பினாலும் ஒரு நனைப்பு, இரண்டு நனைப்பு கொடுக்க முடிந்தால் கெட்ட வருஷமே பாதி கெட்டதாகிவிடும், இழப்பீட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். ஆனால் ஒரே தடவையில் போட வேண்டிய பெரிய தொகை, ஒரு பருவத்துப் பிரீமியத்தோடு ஒப்பிடவே முடியாது. ஆழ்துளைக் கிணறு ஒரு சூதாட்டமும்கூட. தண்ணீர் வராமல் போகலாம், வந்தாலும் பக்கத்து நிலங்களில் இன்னும் ஆழமாகத் தோண்டும்போது வற்றலாம், அந்த நஷ்டத்துக்குப் பயிர்க் காப்பீட்டில் இடமில்லை. கடனை வாங்கி மூன்றாவது கிணறு தோண்டுகிறவரைவிட ஒரு சின்னக் குட்டை வெட்டுகிறவர் பக்கம்தான் நான்.

பலரும் கணக்கிலேயே சேர்க்காத ஒரு வழி, தாங்கும் ரகம். ஒடிசாவில் ஸ்வர்ணா சப்-1 என்ற நெல் ரகத்தை வைத்து நடந்த ஆய்வு இதில் எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு வாரம்வரை தண்ணீரில் மூழ்கிக் கிடந்தாலும் பிழைக்கும் ரகம், வெள்ளம் வராத வருஷத்தில் பழைய ஸ்வர்ணாவைவிட மகசூல் குறைவதும் இல்லை. இந்த விதை கிடைத்தவர்கள் வெள்ளத்தில் தப்பித்தது ஒரு பக்கம். அதைத் தாண்டி நெல் பரப்பைக் கூட்டினார்கள், உரத்தைக் கூட்டினார்கள், நாற்று நட்டார்கள், கடனும் கூடுதலாக எடுத்தார்கள். கானாவில் காப்பீடு செய்த வேலையை இங்கே விதை செய்திருக்கிறது. பிரீமியம் இல்லை, விண்ணப்பம் இல்லை, கயிறு எங்கே விழும் என்ற கவலை இல்லை, பாதுகாப்பு உங்கள் வயலிலேயே இருக்கிறது. குறை என்னவென்றால் ஒரு ரகம் ஒரு ஆபத்துக்குத்தான், வெள்ளத்தைத் தாங்குவது வறட்சியைத் தாங்காது, பூச்சியையும் தடுக்காது.

ஆகவே என் வரிசை இப்படி. அடுத்த விதைப்புக்கு விதையும், வீட்டுக்கு மூன்று நான்கு மாதச் சாப்பாடும் ஒதுக்கியாகிவிட்டதா, அதற்குப் பிறகுதான் மற்றது. உங்கள் நிலத்தின் முக்கிய ஆபத்துக்கு ஒரு தாங்கும் ரகம் கிடைக்கிறது என்றால் முதல் காசு அதற்கு. அடுத்து, மானியத்தில் மலிவாகக் கிடைக்கும் காப்பீடு. முழு விலையில் விற்கிறார்கள் என்றால், அதைக் கட்டினால் இந்தப் பருவம் கூடுதலாக என்ன செய்வீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். "அரை ஏக்கர் கூடுதலாக நடுவேன்", "மேலுரம் இரண்டாவது தடவையும் போடுவேன்" என்று எழுத முடிந்தால் கட்டுங்கள். தாள் வெறுமையாக இருந்தால் அந்தக் காசைக் குட்டைக்குச் சேருங்கள். மழைமானி வெகு தூரத்தில் என்றாலோ, போன இரண்டு கெட்ட வருஷங்களில் பக்கத்தில் யாருக்குமே இழப்பீடு வரவில்லை என்றாலோ, தாளில் எவ்வளவு எழுதியிருந்தாலும் நான் பொறுத்துப் பார்ப்பேன்.

குத்தகைக்கு உழுபவர்களுக்கு இந்த வரிசை அப்படியே பொருந்தாது. நிலம் ஒருவர் பெயரில், உழைப்பும் செலவும் இன்னொருவருடையது. காப்பீடு யார் பெயரில் பதிகிறது, இழப்பீடு யார் வங்கிக் கணக்கில் விழும் என்பதை விதைப்பதற்கு முன்பே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். குத்தகைச் சீட்டு எழுத்தில் இல்லாமல், பணம் நிலக்காரர் கணக்கில்தான் வரும் என்றால் அந்தப் பிரீமியத்தை நீங்கள் கட்டுவதில் அர்த்தமே இல்லை. குட்டையும் கிணறும் அடுத்தவர் நிலத்தில் வெட்ட முடியாது. மிச்சமிருப்பது விதை, உரம், இரண்டு ஆடு, அப்புறம் கெட்ட வருஷத்தில் குத்தகையைக் குறைத்துக்கொள்வதாக நிலக்காரரிடம் முன்கூட்டியே பேசி வாங்கும் ஒரு வாக்கு. அந்த வாக்கு கிடைத்தால், மேலே சொன்ன எல்லாக் காப்பீட்டையும்விட மலிவானது அதுதான்.